சுட்ட எண்ணெய் மிச்சமாகாத வெங்காய பக்கோடா



விதை, உரம், ஏரித் தண்ணின்னு எழுதிட்டிருந்தவன் திடீர்னு பலகாரம் பக்கம் வந்துட்டானேன்னு யோசிக்காதீங்க. இந்தப் பக்கோடா கதையும் மல்லாட்டையில இருந்துதான் ஆரம்பிக்குது. வேர்க்கடலையை எங்க பக்கம் மல்லாட்டைன்னுதான் சொல்லுவோம்.

மார்கழிப் பட்டத்துல போட்டு பங்குனி, சித்திரையில பிடுங்கற மல்லாட்டையில வீட்டுச் செலவுக்குன்னு ஒரு பங்கை ஒதுக்கிடுவோம். காய வெச்சு, உடைச்சு, செக்குக்குக் கொண்டு போனா ரெண்டரை கிலோ பருப்புக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் எண்ணெய் கிடைக்கும். தோலோட கணக்குப் போட்டா மூன்றரை கிலோ காய். ஆக, வாணலியில அரை லிட்டர் எண்ணெய் ஊத்தினா ஒண்ணே முக்கால் கிலோ மல்லாட்டையை ஊத்தின மாதிரி. களை எடுத்த கூலி, ஜிப்சம் போட்டு மண் அணைச்ச வேலை, ராத்திரி காவல் கிடந்தது எல்லாம் அதுல இருக்கு. அந்த எண்ணெயைக் கீழே கொட்ட எந்த விவசாயிக்கு மனசு வரும்? பக்கோடா சுட்டதும் வடிகட்டி மூடி வெப்போம். மறுநாள் அப்பளம், அதுக்கடுத்த நாள் வடகம், கடைசியில தாளிப்பு. இப்படித்தான் எங்க ஊர்ல எல்லா வீட்டு அடுப்பங்கரையிலயும் ஒரு சுட்ட எண்ணெய்த் தூக்கு இருக்கும்.

எங்க வீடு பிள்ளையார்பாளையம். கைலாசநாதர் கோயிலுக்குப் போறவங்க எங்க தெருப் பக்கமா நடந்தா தறிச் சத்தம் கேட்காம போக முடியாது. அப்பா காலத்துல வீட்ல ரெண்டு குழித்தறி. அப்பாவுக்குப் பிறகு அண்ணன் தறியைப் பார்த்துக்கிட்டாரு, நான் பாலாத்துப் பக்கம் இருக்கற நிலத்தைப் பார்த்துக்கிட்டேன். ஆனா அடுப்பு ஒண்ணுதான்.

நெசவு வீட்ல சாயங்காலம் நாலு மணி ஒரு முக்கியமான நேரம். காலையில குழிக்குள்ள காலை விட்டு உட்கார்ந்தவரு சாப்பாட்டுக்கு எழுந்திருப்பாரு, அப்புறம் நாலு மணிக்குத்தான் எழுந்திருப்பாரு. அப்ப டீ, கூட வெங்காய பக்கோடாவோ பஜ்ஜியோ. தின்னு முடிச்சதும் சீயக்காயோ சோப்போ போட்டு ரெண்டு தடவை கை கழுவணும். பட்டுல எண்ணெய்க் கை பட்டா கறை. ஜரிகை போட்ட புடவையில கறை விழுந்தா மாசக் கூலியே போயிடும். சின்ன வயசுல கோர்வைப் புடவைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நாடா போடற வேலை எனக்கு. அப்பா முதல்ல என் விரலை மோந்து பார்ப்பாரு. எண்ணெய் வாசம் வந்தா திரும்பவும் கிணத்தடிக்கு அனுப்பிடுவாரு.

போன ஐப்பசியில அண்ணனுக்கு நெஞ்சு வலி வந்து ஸ்டென்ட் வெச்சாங்க. பிழைச்சு வந்ததே பெரிய விஷயம். டாக்டர் சொன்னது ரெண்டு: பொரிச்சதைக் குறைங்க, திரும்பத் திரும்பச் சூடு பண்ண எண்ணெயில செஞ்சதைத் தொடவே தொடாதீங்க. அண்ணி அன்னிக்கே வாணலியை எடுத்துப் பரண்ல வெச்சிட்டாங்க. “அவரு பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்க, நாம மட்டும் தின்றதா தம்பி?”ன்னு கேட்டாங்க. என்ன பதில் சொல்றது?

பக்கோடா போனது பெரிசில்லைங்க. அதோட அந்த அரை மணி நேரமும் போயிடுச்சு. டீயும் ரெண்டு பிஸ்கட்டும் கொடுத்தா, அண்ணன் நின்னுக்கிட்டே குடிச்சிட்டு ரெண்டு நிமிஷத்துல தறிக்குப் போயிடுவாரு. முன்னாடி கால் நீட்டி, முதுகைச் சுவத்துல சாய்ச்சு, பாவு வந்துச்சா, கூலி ஏறுமா, நிலத்துல தண்ணி எப்படின்னு எல்லாம் பேசுவாரு. நடக்கணும், ஓய்வு எடுக்கணும்னு சொல்லியிருக்கற மனுஷன், இருந்த ஒரே ஓய்வையும் விட்டுட்டாரேன்னு எனக்குத்தான் உறுத்திச்சு.

அண்ணன் மக ஒரகடத்துல கம்பெனி வேலைக்குப் போறா. கேக் செய்யணும்னு ஒரு ஓ.டி.ஜி. ஓவன் வாங்கி வெச்சிருந்தா. “சித்தப்பா, இதுல பக்கோடா செஞ்சு பார்க்கலாமா?”ன்னு அவதான் கேட்டா. அண்ணி நம்பல. எனக்கும் கொஞ்சம் சந்தேகம்தான், ஆனா வெங்காயம் அரிஞ்சு கொடுக்க ஒத்துக்கிட்டேன்.

இதுல புரிஞ்சுக்க வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு. வெங்காயத்துல நூத்துக்கு எண்பத்தஞ்சு பங்குக்கு மேல தண்ணிதான். வாணலியில எண்ணெய் 170, 180 டிகிரியில இருக்கும். மாவு விழுந்ததும் நாலா பக்கமும் சூடு ஒரே நேரத்துல பிடிச்சுக்கும், மேல இருக்கற தண்ணி ஆவியா வெடிச்சு வெளியேறும். பக்கோடா போட்டதும் கேட்கற சலசலப்பு அந்தத் தண்ணியோட சத்தம். சத்தம் அடங்கினா வெந்துடுச்சுன்னு நம்ம அம்மாக்கள் சொல்றது அதனாலதான். ஓவன்ல இருக்கறது காத்து. காத்து சூட்டை மெதுவாத்தான் கொடுக்கும். மேல் மாவு காயறதுக்குள்ள உள்ள இருக்கற வெங்காயத் தண்ணி வந்து அதை நனைச்சுக்கிட்டே இருக்கும். அதனால வாணலிக்குப் பிசையற மாதிரி தண்ணி தெளிச்சுப் பிசைஞ்சு ஓவன்ல வெச்சா, வேகும், ஆனா கொழுக்கட்டை மாதிரி இருக்கும்.

அண்ணன் மக ஒரே தட்டுல பாதி தண்ணி தெளிச்ச மாவு, பாதி தண்ணியே சேர்க்காத மாவுன்னு வெச்சுப் பார்த்தா. வித்தியாசம் கண்ணாலயே தெரிஞ்சுது. தண்ணி படாத பாதி ஓரமெல்லாம் செவந்து நின்னுச்சு, இன்னொரு பாதி மெத்துன்னு படுத்துக்கிச்சு. அதுக்கப்புறம் நாங்க வெச்சிருக்கற கணக்கு இது, நாலு பேருக்கு:

பெரிய வெங்காயம் 400 கிராம். மெல்லிசா, நீளமா அரிஞ்சு, முக்கால் டீஸ்பூன் உப்புப் போட்டுப் பிசிறி 15 நிமிஷம் விடணும். தண்ணி விட்டுக்கும். அந்தத் தண்ணிதான் மாவுக்கு, வேற ஒரு சொட்டு கூடச் சேர்க்கக் கூடாது. கடலை மாவு 100 கிராம், அரிசி மாவு ரெண்டு மேசைக்கரண்டி, அரை ஸ்பூன் சோம்பு, மிளகாய்த்தூள், பொடியா நறுக்கின பச்சைமிளகாய், இஞ்சி, கறிவேப்பிலை. மாவுல ஒரு மேசைக்கரண்டி மல்லாட்டை எண்ணெயைக் காய்ச்சி ஊத்தி விரலால பிசிறணும். பக்கோடாவுக்கு நம்ம வீட்ல எப்பவும் செய்யறதுதான். அப்புறம் வெங்காயத்தைக் கலந்து, மாவு வெங்காயத்துல ஒட்டிப் பிடிக்கற பதத்துல நிறுத்திக்கணும்.

ஓவனை 200 டிகிரியில 10 நிமிஷம் சூடேத்தி வெச்சுக்கோங்க. தட்டுல இன்னொரு மேசைக்கரண்டி எண்ணெயில பாதியைத் தடவி, மாவை உதிரி உதிரியா, ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம போடணும். உருண்டை பிடிக்கவே கூடாது. உருண்டைக்குள்ள இருக்கற ஆவி வெளியே போக வழி இல்லாம உள்ளேயே நின்னுடும். 15 நிமிஷம் கழிச்சுத் திருப்பிப் போட்டு, மீதி எண்ணெயை மேல தொட்டு வெச்சு, இன்னும் 10, 12 நிமிஷம். கறுக விடாதீங்க, பொன்னிறம் வந்தா போதும். அணைச்ச பிறகு கதவைக் கொஞ்சம் திறந்து வெச்சு 5 நிமிஷம் அப்படியே விட்டா மிச்ச ஈரமும் போய் மொறுமொறுப்பு ஏறும்.

வெங்காயத்தைப் பத்தி விவசாயியா ஒரு வார்த்தை. ராஜாஜி மார்க்கெட்ல பெல்லாரி வாங்கும்போது தோலைத் தொட்டுப் பாருங்க. காரீஃப் பருவத்துல வர்ற புது வெங்காயத்துல ஈரம் ஜாஸ்தி, இருப்பு தாங்காது. ராபியில எடுத்து ஆறப்போட்டு வெச்ச வெங்காயத்துக்குத் தோல் சருகு மாதிரி காய்ஞ்சு சலசலக்கும், கழுத்து ஒடுங்கியிருக்கும். ஓவனுக்கு இதுதான் தோது. புது வெங்காயம்தான் கிடைச்சுதுன்னா உப்புல ஊறினதும் லேசாப் பிழிஞ்சு, மாவுக்குத் தேவையான அளவு மட்டும் அந்தத் தண்ணியைத் திருப்பி ஊத்திக்கோங்க.

எண்ணெய்க் கணக்குக்கு வருவோம். ரெண்டு மேசைக்கரண்டின்னா 30 மில்லிக்குள்ள. நாலு பேருக்குப் பிரிச்சா ஆளுக்கு ஏழு, எட்டு மில்லி. இதே அளவை வாணலியில சுட்டா அரை லிட்டர் ஊத்தணும். பக்கோடா குடிச்சது போக நானூறு மில்லிக்கு மேல தூக்குல நிக்கும். எனக்குப் பெரிசாத் தெரியறது அந்த நானூறுதான். பக்கோடா ஒரு நாள் சமாச்சாரம். தூக்குல இருக்கறது வாரம் பூரா நம்ம சாப்பாட்டுல வந்துக்கிட்டே இருக்கும். கடைக்காரங்களுக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலை 1ல இருந்து ஒரு வரம்பு வெச்சிருக்கு. பொரிக்கற எண்ணெய் சூட்டுல சிதைஞ்சு உண்டாகற துருவச் சேர்மங்கள் மொத்தம் 25 சதவீதத்தைத் தாண்டினா அந்த எண்ணெயில சமைக்கக் கூடாது. அதை அளக்கக் கருவியும் இருக்கு, சேகரிச்சு பயோடீசலுக்கு அனுப்ப ஏற்பாடும் இருக்கு. வீட்டுத் தூக்கை யார் அளக்கறாங்க? ஓவன்ல செஞ்சா அளக்கவே வேண்டாம், மிச்சம்னு ஒண்ணு இல்லை.

யோசிச்சுப் பார்த்தா இது நம்ம ஊருக்குப் புதுசும் இல்லை. வரதராஜப் பெருமாள் கோயில் குடலை இட்லியை எடுத்துக்கோங்க. மூங்கில் குடலையில மந்தாரை இலை வெச்சு, மிளகு, சீரகம், சுக்கு போட்ட மாவை ஊத்தி ஆவியில வேக வெப்பாங்க. நெய், எண்ணெய் எல்லாம் மாவுக்குள்ளயே கலந்திருக்கும். வாசம் இருக்கும், பாத்திரத்துல மிச்சம் இருக்காது.

கரண்ட் செலவைக் கேட்பீங்க. 1500 வாட் ஓவன் முக்கால் மணி நேரம் ஓடினாலும் ஏறக்குறைய ஒரு யூனிட்தான் ஆகும். கைத்தறி வீடுகளுக்கு ரெண்டு மாசத்துக்கு 300 யூனிட் இலவசம் இருக்கறதால எங்களுக்கு அது பாரமாத் தெரியல. ஓவன் இல்லாதவங்க குழிப்பணியாரக் கல்லுல குழிக்கு அரை ஸ்பூன் எண்ணெய் விட்டு, மெல்லிசாப் போட்டு, மூடாம சின்னத் தீயில திருப்பித் திருப்பி எடுக்கலாம். கொஞ்சம் பொறுமை வேணும், அவ்வளவுதான்.

உள்ளதைச் சொல்லிடறேன், வாணலிப் பக்கோடா ருசி வேற. அந்த வாசமும் முறுகலும் இதுல முழுசா வராது. வெங்காய அடையோட ஓரத்தை மட்டும் பிச்சுத் தின்னா எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். கடலை மாவு கடலை மாவுதான், உப்பு உப்புதான். ஓவன்ல செஞ்சதாச்சேன்னு ரெண்டு தட்டு தின்னா லாபம் எல்லாம் வயித்துலயே போயிடும். எங்க வீட்ல வாரத்துக்கு ரெண்டு நாள், ஆளுக்கு ஒரு சின்னத் தட்டு. டாக்டர் கிட்டயும் சொல்லித்தான் செய்யறோம்.

முதல் தடவை செஞ்ச அன்னிக்கு அண்ணன் ஒண்ணை எடுத்து வாயில போட்டுக்கிட்டு ஒண்ணும் சொல்லல. ரெண்டாவது எடுத்தாரு. அப்புறம் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் உரசிப் பார்த்தாரு. “கையில எண்ணெயே ஒட்டலையேடா”ன்னாரு. நாப்பது வருஷமா பட்டைத் தொட்ட விரல், அதுக்குத்தான் முதல்ல தெரியுது. ஆனாலும் எழுந்து போய் ரெண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவிட்டு வந்தாரு. வந்தவரு தறிக்குப் போகல. சுவத்துல சாய்ஞ்சு உட்கார்ந்து, “நிலத்துல என்னடா போட்டிருக்கே?”ன்னு கேட்டாரு. நாலு மாசம் கழிச்சு அவரு கேட்ட கேள்வி அது. அண்ணி அடுப்பங்கரை வாசல்ல நின்னு பார்த்துக்கிட்டிருந்தாங்க.

சுட்ட எண்ணெய்த் தூக்கைத் தேய்ச்சுக் கழுவி இப்ப அதுல விதை அவரை போட்டு வெச்சிருக்கோம். எண்ணெய்ச் செலவு நல்லாவே குறைஞ்சதால செக்குக்குப் போற பங்கு இந்த வருஷம் ஒரு மூட்டை கம்மி. அந்த மூட்டையை அடுத்த பட்டத்துக்கு விதைக்காயா நிறுத்தலாம்னு நான் சொல்றேன். அவிச்சுத் திங்க வெச்சுக்கலாம்னு அண்ணன் மக சொல்றா. முடிவு இன்னும் ஆகல.

உங்க வீட்ல எண்ணெய் குறைச்சு என்ன பலகாரம் செய்யறீங்க? கீரை வடைக்கு யாராவது வழி கண்டுபிடிச்சிருந்தா எழுதுங்க. அண்ணன் அதைத்தான் அடுத்து கேட்டுக்கிட்டிருக்காரு.