விடிலி கட்டிய நாள்

பங்குனி பிறந்து பாளை வந்துவிட்டால் எங்க தாத்தாவுக்கு வீட்டில் கால் தரிக்காது. உடன்குடிக்குப் பக்கத்தில், தேரியின் சிவப்பு மணல் தொடங்குகிற இடத்தில் அவர் பாட்டத்துக்கு எடுத்த பனைகள் நின்றன. அங்கேதான் விடிலி. பதனி காய்ச்ச ஒரு கொட்டகை என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். எங்களுக்கு அது ஆடி வரைக்கும் குடியிருக்கிற வீடு. அடுப்பு, அரிவாள்பெட்டி, கலயங்கள், கோழி, பாயில் உருளுகிற பிள்ளைகள் எல்லாருக்கும் அதற்குள் இடம் உண்டு.

அந்த வருஷம் சித்தப்பாவுக்குக் கல்யாணமாகிச் சித்தி வந்திருந்ததால், விடிலியைப் பெரிசாகக் கட்ட வேண்டுமென்று ஆச்சி சொல்லிவிட்டாள். அதற்காக ஒரு வயசான பெண்பனையை முறித்தார்கள். ஆண்பனையைவிடப் பெண்பனைக்குத்தான் வைரம் அதிகம் என்பார் தாத்தா. கிடந்த மரத்தில் மாமா கோடரியால் வாய் திறந்து ஆப்பை இறக்க, ஒவ்வொரு அடிக்கும் மரம் உள்ளுக்குள் முனகிக்கொண்டே வந்து, கடைசியில் படாரென்று நீளவாக்கில் பிளந்தது. உள்ளே வெளுத்த சோறு, ஓரத்தில் கறுத்த வைரம். அப்போது ஒரு வாசம் எழுந்ததே, ஈரமாய், லேசாய்ப் புளித்து, பதனிக் கலயத்தை மூக்கோரம் பிடித்ததுபோல! இன்றைக்கும் மரக்கடைகளைக் கடக்கும்போது என் மூக்கு அதைத் தேடுகிறது. சோற்றை வாச்சியால் செதுக்கித் தள்ளிவிட்டு வைரத்தை மட்டும் கூரைக்கான கைகளாகப் பிளந்தார்கள். "ஏல, தொடாத. சிராய் ஏறுனா சீழ் வச்சிரும்" என்று அதட்டிய தாத்தாவின் உள்ளங்கை, எந்தச் சிராயும் நுழைய முடியாதபடி காய்த்துக் கிடந்தது.

எனக்குக் கிடைத்த வேலை நார் எடுத்துக் கொடுப்பது. விடிலிக்கு ஆணி கிடையாது, எல்லாமே நார்க்கட்டுதான். மட்டையின் உள்பக்கம் அகணி, வெளிப்பக்கம் புறணி. தாத்தா கத்தி நுனியால் ஒரு கீறல் போட்டு, அந்த முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு மட்டையைக் கீழே தள்ளுவார். முழு நீளத்துக்கும் ஒரே அகலத்தில் நார் உரிந்து வரும். காய்ந்த நார் முடிச்சில் முறிந்துவிடும் என்பதால் முந்தின நாளே பானையில் ஊறப்போட்டிருந்தார்கள். நான் அந்தப் பானைப் பக்கத்தில் உட்கார்ந்து, "நாரு!" என்று மேலிருந்து குரல் வந்ததும் ஓடுவேன். நான் ஓடாவிட்டால் கூரையே நிற்காது என்று அப்போது முழுமனதாக நம்பினேன். பெரியவர்களும் அப்படித்தான் நடந்துகொண்டார்கள். மாமா கையை நீட்டிக்கொண்டு எனக்காகக் காத்திருப்பாரே தவிர, தானே இறங்கி எடுத்துக்கொள்ள மாட்டார்.

தேரி மணலில் கால் நாட்டுவது லேசான காரியமில்லை. தோண்டத் தோண்டச் சரியும். ஈரமணல் தட்டுகிற ஆழம் போய், வேம்புக் கவைக்கம்புகளை நிறுத்தி, தண்ணீர் ஊற்றி உலக்கையால் இடித்தார்கள். பனைக்குக் கவை கிடையாதே! கவைகளில் பனங்கை உத்திரம் ஏறியது. வாசல் கிழக்கே பார்த்து, குனிந்து நுழைகிற உயரத்துக்கு. ஆனி, ஆடியில் மேற்கேயிருந்து மணலை வாரிக்கொண்டு வருகிற காற்றுக்கு முதுகு காட்டித்தானே இருக்கவேண்டும்.

மத்தியானம் ஆச்சி கஞ்சியும் காணத்துவையலும் சுட்ட கருவாடும் கொண்டுவந்தாள். பக்கத்து விடிலிக்காரர்கள், அத்தை, மதினிமார் எல்லாரும் பட்டையைப் பிடித்துக்கொண்டு நிழலில் வரிசையாக உட்கார, ஓலையில் குடித்த அந்தக் கஞ்சிக்குத் தனி மணம். புதுச்சித்தி கூச்சத்தில் ஒதுங்கி நின்றாள். "நீதானேட்டி இனி இங்க அடுப்பூதப் போற, எந்த மூலை வேணும்னு நீயே சொல்லு" என்றாள் ஆச்சி. சித்தி மெதுவாகத் தென்கிழக்கு மூலையைக் காட்டினாள். மறுபேச்சில்லாமல் அங்கேயே அடுப்புக்குழி தோண்டினார்கள். அன்றைக்குச் சித்தி முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். எங்க வீட்டு மனுஷியாக அவள் ஆனது கல்யாணப் பந்தலில் அல்ல, அந்தக் குழியருகில்தான் என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது.

பிற்பகலில் ஓலை. மாசியிலேயே வெட்டி, மிதித்து, கல் ஏற்றிப் படிய வைத்த ஓலைகள். இறவாரத்திலிருந்து தொடங்கி ஒன்றின் மேல் ஒன்று பாதி மூடும்படி மேலே போனார்கள். மேலே சித்தப்பாவும் மாமாவும், கீழே நாலு பேர், நடுவில் ஓலைகள் கைமாறிப் போகிற சலசலப்பு. பொழுது சாயும்போது முகடு மூடியது. உள்ளே போய்ப் படுத்து அண்ணாந்து பார்த்தேன். ஒரு பொட்டு வானம்கூடத் தெரியவில்லை.

கூலி என்று யாரும் கேட்கவில்லை, யாரும் கொடுக்கவுமில்லை. சுக்குப் போட்ட கருப்பட்டிக் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்தவர்களிடம் தாத்தா கேட்டது ஒன்றுதான்: "நாளைக்கு யாரு விடிலி?" மறுநாள் மாமாவுடையது. விடியுமுன்னே தாத்தா கோடரியோடும் சித்தப்பா வாச்சியோடும் கிளம்பினார்கள். ஊறிய நார்க்கட்டை ஓலைப்பெட்டியில் வைத்துத் தலையில் ஏற்றிக்கொண்டு, யாரும் கூப்பிடாமலே நானும் பின்னால் நடந்தேன்.