சேலையும் வேணும், பங்கும் வேணும்!

'அஞ்சு பொண்ணு பெத்தா அரசனும் ஆண்டி' என்று யாரோ சொல்லி வைத்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு மூன்று. கணக்குப்படி நாங்கள் பாதிக்கு மேல் ஆண்டி!

மூன்றாவதும் பெண் என்று தெரிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த ஓர் உறவுக்காரம்மா, சாத்துக்குடியைக் கையில் கொடுத்துவிட்டு ஆறுதல் சொன்னார். "கவலைப்படாதேம்மா, கர்த்தர் பார்த்துப்பார். நல்லவேளை, காஞ்சிபுரத்துலயே இருக்கே. பட்டுச் சேலைக்கு பஸ் செலவு மிச்சம்!"

சிரிக்காதீங்க. எங்க ஊரில் பெண் பிள்ளை என்றால் முதலில் ஞாபகத்துக்கு வருவது புடவைதான். காந்தி ரோடில் முகூர்த்த சீசனில் நடந்து பாருங்கள். வேன் வேனாக வந்து இறங்குவார்கள். ஐயர் வீடு, முதலியார் வீடு, எங்களைப் போல சந்தனக் கலர் பட்டு தேடி வரும் கிறிஸ்தவ வீடு... எல்லாரும் ஒரே ஜமக்காளத்தில் உட்கார்ந்து பேரம் பேசுவார்கள். மதநல்லிணக்கத்தைப் பார்க்க வேறெங்கும் போக வேண்டாம்.

இத்தனை புடவையையும் பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு கேள்வி வந்தது. பெண்ணுக்குக் கொடுப்பதற்குப் பேர் 'சீர்'. பையனுக்குக் கொடுப்பதற்குப் பேர் 'சொத்து'. இதை யார் பிரித்து வைத்தது?

என் அம்மா கன்னியாகுமரி மாவட்டம். 1956 நவம்பர் 1-ம் தேதி தமிழ்நாட்டோடு சேர்வதற்கு முன்னால் அந்தப் பக்கமெல்லாம் திருவிதாங்கூர். அங்கே கிறிஸ்தவர்களுக்கென்று 1916-ல் ஒரு வாரிசுச் சட்டம் போட்டார்கள். உயில் எழுதாமல் அப்பா காலமானால், மகனுக்குக் கிடைப்பதில் கால் பங்கு அல்லது ஐயாயிரம் ரூபாய், இதில் எது குறைவோ அது மகளுக்கு. கவனியுங்கள், எது குறைவோ அது! சீதனம் கொடுத்திருந்தால் அதுவும் கிடையாது. கொடுப்பதாக வாய்வார்த்தை சொல்லியிருந்தாலே போதும், கணக்கு முடிந்தது.

அந்தச் சட்டத்தை எதிர்த்து நின்றவர் மேரி ராய். எழுத்தாளர் அருந்ததி ராயின் அம்மா. கணவரைப் பிரிந்து, இரண்டு குழந்தைகளோடு ஊட்டியில் அப்பாவின் வீட்டில் இருந்தவரை, 'பெண்ணுக்குப் பாத்தியதை இல்லை, காலி பண்ணு' என்றார்கள். ஊட்டி தமிழ்நாட்டில் இருந்ததால் திருவிதாங்கூர் சட்டம் அங்கே செல்லாது. தப்பித்தார். ஒரே அப்பா, ஒரே மகள்... ஊட்டியில் உரிமை உண்டு, கோட்டயத்தில் இல்லை! அம்மணி விடவில்லை. சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனார். 1986 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. 1925-ம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் செல்லும், மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு, அதுவும் 1951-லிருந்தே என்று. கோட்டயத்தில் பள்ளிக்கூடம் நடத்தி, தலைமுறைகளைப் படிக்க வைத்துவிட்டு 2022-ல் காலமானார்.

இந்தத் தீர்ப்பை என் அம்மாவிடம் விளக்கிச் சொன்னபோது அவள் சிரித்தாள். "மோளே, கோர்ட்டு சொன்னா போருமா? எனக்க தம்பிமாரு சொல்லண்டாமா?" அவ்வளவுதான். கல்யாணத்துக்குப் போட்ட நகையோடு அவள் கணக்கு முடிந்து போயிருந்தது. தம்பிகள் கெட்டவர்கள் இல்லை. கிறிஸ்துமஸுக்குத் தவறாமல் சேலை வரும். அம்மாவும் தவறாமல் கட்டிக்கொள்வாள்.

இது எங்கள் ஜனத்தில் மட்டும் நடக்கிற கதை என்று நினைத்துவிடாதீர்கள்.

எங்கள் எதிர்வீட்டு அக்கா பிள்ளையார்பாளையத்தில் பிறந்தவர். நெசவாளி குடும்பம். கோர்வைப் புடவைக்கு மூன்று நாடா வேண்டும். உடலுக்கு ஒன்று, இரண்டு பக்கக் கரைக்கும் ஒவ்வொன்று. நெய்கிறவர் ஒருவரால் ஆகாது. பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் அக்காதான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தார் சுற்றுவது, கரை நாடா தள்ளுவது என்று கல்யாணம் வரைக்கும் தறியை விட்டு எழுந்ததில்லை. கூலி அப்பா பேரில். அப்பா அந்தக் கூலியில்தான் வீடு வாங்கினார்.

அப்பா போன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன்கள் வந்தார்கள். கையில் ஸ்வீட், ஒரு பட்டுச் சேலை, கூடவே ஒரு பத்திரம். விடுதலைப் பத்திரம்! 'எனக்குப் பாத்தியதை எதுவும் வேண்டாம்' என்று தங்கச்சி கையெழுத்துப் போட வேண்டும். அக்கா பத்திரத்தை எடுத்துக்கொண்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். "டீச்சர் வீடாச்சே, படிச்சுச் சொல்லுங்க."

என் வீட்டுக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாடமே நடத்தினார். அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்தில், உயில் இல்லையென்றால், இந்து மகளுக்கு 1956-லிருந்தே சம பங்கு. பாட்டன் வழிச் சொத்தில் 1989-ல் தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்தது, அதற்கு முன்பே கல்யாணமானவர்கள் நீங்கலாக. 2005-ல் நாடு முழுவதும் மகளுக்கும் மகனைப் போலவே பங்கு வந்துவிட்டது.

அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்று சொன்னார். "அண்ணனும் வேணும், பங்கும் வேணும். ரெண்டையும் கேட்டா குத்தமாம்மா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்த என் மூன்று பெண்களுக்கும் ஏதோ தெரிந்துவிட்டது. அன்று ராத்திரி சாப்பாட்டில் சின்னவள் ஆரம்பித்தாள். "அப்பா, நமக்கு எப்படி?"

"உயில் இல்லேன்னா அம்மாவுக்கு மூணுல ஒரு பங்கு. மிச்சம் உங்க மூணு பேருக்கும் சமம்."

கணக்குப் புலி நடுவுலவள் விரல் விட்டாள். "அப்போ எனக்கு ஒன்பதுல ரெண்டு. அந்த ஒன்பதுல ரெண்டுல மோட்டார் ரூம் வருமா, மாமரம் வருமா?"

"உசிரோட இருக்கிற அப்பன் முன்னாடி பேசற பேச்சா இது!" என்று நான் கத்தினேன். அவரோ சிரித்துக்கொண்டே, "இப்ப பேசாம வேற எப்ப பேசறது?" என்றார்.

அவர் சொன்னது சரிதான். பேசாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் சட்டத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. கல்யாணமாகாத மகளோ மகனோ உயில் எழுதாமல் இறந்துபோனால், அப்பா இருக்கும்போது சொத்து முழுக்க அப்பாவுக்கு. பத்து மாசம் சுமந்த எனக்கு? ஒன்றுமில்லை! 2014-ல் சட்ட ஆணையம்கூட இதை மாற்றச் சொல்லிப் பரிந்துரை செய்தது. 'இதுக்குத்தான் பொண்ணுங்க வக்கீலுக்குப் படிக்கணும்' என்கிறாள் பெரியவள்.

வேதாகமத்தைப் புரட்டினால் இதெல்லாம் பழைய கதை. எண்ணாகமத்தில் செலொப்பியாத் என்பவருக்கு ஐந்து பெண்கள், பையன் இல்லை. ஐந்து பேரும் சபைக்கு முன்னால் மோசேயிடம் போய் நின்று, அப்பாவின் பங்கைக் கேட்டார்கள். கேட்டது நியாயம் என்று கர்த்தரே சொன்னார், பங்கும் கிடைத்தது. யோபு, எல்லாம் இழந்து திரும்பப் பெற்ற பிறகு, மூன்று மகள்களுக்கும் சகோதரரோடு சரிசமமாகச் சுதந்தரம் கொடுத்தார். மகன்கள் ஏழு பேரின் பேர் அங்கே இல்லை. மகள்கள் மூன்று பேரின் பேரும் இருக்கிறது! இவ்வளவு வருஷம் கோயிலுக்குப் போகிறேன், இதைப் பற்றி ஒரு பிரசங்கமும் நான் கேட்டதில்லை.

பெரியவளுக்கு வரன் பேச வந்தவர்கள் மெதுவாக, "பொண்ணுக்கு என்ன போடறதா உத்தேசம்?" என்றார்கள். கேட்டு வாங்குவது 1961-லேயே குற்றம் என்று சொல்ல என் நாக்கு துறுதுறுத்தது. அதற்குள் இவர் முந்திக்கொண்டார். "போடறதுக்கு அவ சாமி சிலை இல்லீங்க. அவளோட பங்கு அவ பேர்லயே இருக்கும். உயிலை ரிஜிஸ்டர் பண்ணியாச்சு." ரூமில் நிசப்தம். எனக்கு வயிற்றைக் கலக்கியது. இந்த இடம் போச்சு என்றே நினைத்தேன்.

போகவில்லை. மாப்பிள்ளையின் அம்மா ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "எனக்கும் யாராவது இப்படி எழுதி வெச்சிருந்தா..." என்று ஆரம்பித்தவர், அதை முடிக்காமல் காபி டம்ளரை எடுத்துக்கொண்டார்.

ஜனவரியில் கல்யாணம், லெந்து நாட்கள் வருவதற்குள். சந்தனக் கலர் பட்டுக்குத் தறியில் பாவு ஏற்றியாகிவிட்டது. எதிர்வீட்டு அக்காதான் முன்நின்று கலர் பார்த்துக் கொடுத்தார், அண்ணன் கொண்டுவந்த சேலையைக் கட்டிக்கொண்டு. பத்திரம் மட்டும் இன்னும் எங்கள் பீரோவில், கையெழுத்துப் போடாமல் இருக்கிறது.