இடம் மாற்றி நடும் காலம்



புதுச்சேரியில் சால்வைக் கடை வைத்திருக்கும் காஷ்மீர்ச் சகோதரர் ஒருவர், சென்ற ஆவணியில் ஊரிலிருந்து திரும்புகையில் நான்கு ஐரிஸ் கிழங்குகளைக் கொணர்ந்து நமக்கு அளித்தார். அவர்கள் ஊர் மையவாடிகளில் கப்றுகளின் மீது தலைமுறை தலைமுறையாக நட்டு வரும் மலர் அது. வசந்தத்தில் வெண்மையும் ஊதாவுமாகப் பூக்கும். அங்கு அதனை மஜார்முண்ட் என்பர்.

நாமோ அவற்றை அலமாரியில் போட்டு வைத்திருந்து, ஐப்பசி மழையில்தான் மதரஸா முற்றத்தில் நட்டோம். அதுவும் மஞ்சள் கிழங்கைப் புதைப்பது போல் நான்கு விரற்கடை ஆழத்தில். முற்றத்தில் நீர் தேங்கிற்று. கார்த்திகை பிறக்கும் முன்பே நான்கும் அழுகிப் போயின.

வருத்தத்தோடு சொன்னபோது சகோதரர் நகைத்தார். "ஹஜ்ரத், அதனை நடுவதற்கு ஒரு முறை உண்டு" என்று விளக்கினார். பூத்து ஓய்ந்து ஒரு மாதமோ ஒன்றரை மாதமோ கழிந்த பின்னரே தோண்டியெடுக்க வேண்டும். நெருங்கிய கொத்தை மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரிக்கலாம். இலைகளை விசிறி போல் பாதியளவு கத்தரித்து, வேர்களை மண்ணுக்குள் பரப்பி, கிழங்கின் முதுகு வெயில் காணும்படி மேலாக நட வேண்டும். விதையிலிருந்து முளைத்த இளஞ்செடியாயின் பூப்பதற்கு இரண்டு, மூன்று ஆண்டுகள் பொறுத்திருக்க வேண்டும். குளிர்காலமே இல்லாத நம் கடற்கரை ஊரில், செம்மையாக நட்டாலும் அது பூப்பது அரிதாம்.

அன்றிரவு, நம் ஹிஃப்ளு வகுப்பின் ஏழு வயதுச் சிறுவன் ஒருவனின் நினைவு நம்மை உறங்கவிடவில்லை. தாயைப் பிரிந்து விடுதிக்கு வந்து இரண்டு மாதங்களே ஆகியிருந்தன. முதல் நாள் ஓதிய பாடம் மறுநாள் அவன் நாவில் நிற்பதில்லை. சோறும் சரியாக உண்பதில்லை. கவனமில்லை என்று அவனைப் பலமுறை கடிந்தவர் நாமேதான்.

மறுநாள் அவன் தந்தையை அழைத்துப் பேசினோம். உறவினர் என்ன சொல்வார்களோ என்று அவர் தயங்கினார். "பத்து வயது நிறையட்டும், அதுவரை வீட்டிலிருந்தே வந்து ஓதட்டும்" என்றோம். அச்சிறுவனிடம் மன்னிப்பும் கேட்டோம்.

இப்போது நாள்தோறும் அஸருக்குப் பின் வருகிறான். சூரத்துல் முல்க்கை மனனம் செய்து முடித்துவிட்டான். ஐரிஸ் அழுகிய இடத்தில், நம் மண்ணுக்கேற்ற கல்வாழையை அவனே நட்டு நீரூற்றி வருகிறான்.

மறுமை நாளே நெருங்கி வந்தாலும் கையிலுள்ள கன்றை நட்டுவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். காலமும் ஆழமும் அறிந்து நடுவதும் அப்பணியைச் சேர்ந்ததே என்பதை நாற்பது வயதைக் கடந்த பின்னர்தான் கற்றோம்.

நம் பொறுப்பில் விடப்பட்ட இளங்கன்றுகளைப் பக்குவமாய் வளர்க்க அல்லாஹ் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.