துருவின் மேல் பூசிய கறுப்பு

தூத்துக்குடியில் பிறந்தவர்களுக்கு உப்பைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் தந்தையார் உப்பளங்களிலிருந்து உப்பேற்றிச் செல்லும் லாரி ஒன்றை வைத்தே குடும்பத்தைக் காப்பாற்றினார். அவர் மறைந்தபின் அந்த லாரி அண்ணன் தம்பிகளாகிய எங்கள் இருவர் கைக்கும் வந்தது. உப்பு எங்களுக்குச் சோறிட்டது. அதே உப்பு லாரியைச் சிறிது சிறிதாகத் தின்றுகொண்டும் இருந்தது. இவ்விரண்டையும் நாங்கள் நன்கு அறிவோம். அறிந்திருந்தும் ஒரு முறை செய்த தவற்றைத்தான் இங்கே எழுத முற்படுகிறோம்.

லாரியை எதிரே நின்று பார்ப்பவர்களுக்கு அதன் முகப்பும், நெற்றியில் எழுதிய பெயரும், பக்கப் பலகைகளின் வண்ணமும் தெரியும். ஒன்பது டன் சுமையைத் தாங்குவதோ எவர் கண்ணிலும் படாத அடிச்சட்டம். சேஸிஸ் என்று எல்லாரும் சொல்லும் அந்த இரு நீண்ட இரும்புச் சட்டங்களும், அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்களும், ஸ்பிரிங் பட்டைகளைத் தாங்கும் கொக்கிகளுமே லாரியின் உயிர். உப்பளத்துப் பாதையில் சக்கரங்கள் வாரியிறைக்கும் உவர்ச் சேறு நேரே போய் ஒட்டிக்கொள்வதும் அங்கேதான்.

2018ஆம் ஆண்டு புரட்டாசி மாதம். இன்னும் இரண்டு நாளில் லாரியை எஃப்.சி.க்குக் கொண்டுபோக வேண்டும். அடிப்பாகத்துக்குக் கறுப்புத் தார்ப்பூச்சு அடித்துவிட்டால் பார்வைக்கு நன்றாக இருக்கும் என்று, வீட்டு முற்றத்துப் பூவரச மரத்தடியில் லாரியை நிறுத்தினோம். காலையில் ஆழ்குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினோம். மாலையில் டின்னைத் திறந்தோம். பின்சக்கரத்துக்கு மேலே, ஸ்பிரிங் கொக்கி பொருந்தும் இடத்தில் பிரஷ்ஷை வைத்தபோது, பூச்சு ஒட்டுவதற்குப் பதிலாகச் செதில் செதிலாகத் துரு பிரஷ்ஷோடு வந்தது. எங்களில் இளையவர் கையை நிறுத்தி மூத்தவரைப் பார்த்தார். மூத்தவர் ஒன்றும் சொல்லவில்லை. இருவரும் மறுபடி பூசத் தொடங்கினோம். இரவுக்குள் லாரியின் அடிப்பாகம் புதுச் சட்டிபோல் மின்னியது. பார்த்தவர்கள் மெச்சினார்கள். எஃப்.சி.யும் கிடைத்தது.

2020 பிப்ரவரியில், உப்பளத்துக் கரையில் சுமை ஏற்றிப் புறப்பட்ட லாரி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியபோது, அந்தக் கொக்கி அடிச்சட்டத்திலிருந்து பிய்த்துக்கொண்டது. லாரி ஒருபுறமாய்ச் சரிந்து வரப்பில் சாய்ந்தது. உப்புச் சுமக்கும் பெண்கள் சற்றுமுன்தான் தண்ணீர் குடிக்க நிழலுக்கு ஒதுங்கியிருந்தனர். ஓட்டுநர் அண்ணாச்சியின் வலக்கை முழங்கையருகே முறிந்தது. தந்தையார் காலம் முதல் எங்களோடிருப்பவர் அவர். மருத்துவமனைக் கட்டிலிலிருந்து அவர் கேட்ட முதல் கேள்வி, “லோடு நனைஞ்சு போச்சா, தம்பி?” என்பதே.

பட்டறையில் வெல்டர் எங்கள் கண்முன்னே அந்தக் கறுப்புப் பூச்சை உளியால் நெம்பினார். அது தோல்போல உரிந்து வந்தது. அதன் அடியில் இரும்பு இல்லை. அடுக்கடுக்காய்ப் பழுப்பு ஏடுகள் இருந்தன. தொட்டால் விரல் ஈரமாயிற்று. மழையே காணாத மாசி மாதத்தில் அந்த ஈரம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எங்களை விடவில்லை.

விடை தேடிப் படித்தபோதுதான் எங்கள் அறியாமையின் அளவு புரிந்தது. இரும்பு துருப்பிடிக்க நீரும் வேண்டும். காற்றிலுள்ள ஆக்சிஜனும் வேண்டும். உப்புக் கரைந்த நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் அந்த வேலை விரைகிறது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே நீரை ஈர்த்துக் கரையத் தொடங்கிவிடும். ஆகவே உப்பு ஒட்டிய இரும்பு, கடற்கரை ஊரில் மழையில்லாத இரவிலும் நனைகிறது. அலுமினியத்தின் மேல் படியும் ஆக்சைடு இறுகிய போர்வையாகி உலோகத்தைக் காக்கும். இரும்பின் துரு அப்படியன்று. அது தான் தோன்றிய இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேலாகப் பருத்து, வெடித்து, ஈரத்துக்கு வழிவிட்டுக்கொண்டே உள்ளே செல்லும். நாங்கள் பூசிய தார் இந்த உப்பையும் ஈரத்தையும் வெளியேறவிடாமல் மூடிவைத்தது. பூசாமலே விட்டிருந்தால் துரு கண்ணில் பட்டிருக்கும். கண்ணில் பட்டிருந்தால் யாரேனும் எச்சரித்திருப்பார்கள். காவல் என்று நாங்கள் பூசியது துருவுக்கே காவலாய் அமைந்துவிட்டது.

அன்று முதல் ஒவ்வோர் ஆண்டும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் லாரிக்கு ஒரு வாரம் ஓய்வு கொடுக்கிறோம். ஒரு வார வாடகை போவது எங்களுக்குச் சிறிய இழப்பன்று. ஆயினும் பூசும் வேலை ஒரு நாள்தான். மற்ற நாள்களெல்லாம் பூசுவதற்கு முந்திய வேலைக்கே போகின்றன.

முதல் நாள் கழுவுதல். எங்கள் ஆழ்குழாய்த் தண்ணீரே உவர்ப்பு. உப்பை உப்புத் தண்ணீரால் கழுவிய பேதைமையை இப்போது செய்வதில்லை. நல்ல தண்ணீரை விலைக்கு வாங்குகிறோம். சட்டங்களின் உள்மடிப்புகளில் தேங்கிய சேற்றைக் குச்சியால் கிளறிக் கழுவுகிறோம். அடுத்த இரண்டு நாளும் வெயிலில் உலர விடுகிறோம். பின்னர் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, சிறு சுத்தியலோடு அடியில் நுழைந்து ஒவ்வோர் அங்குலமாகத் தட்டுகிறோம். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்த இரும்பு பொத்தென்று மங்கும். மங்கிய இடம் எங்கள் வேலைக்குரியதன்று. அதைப் பட்டறைக்கே அனுப்புகிறோம். தட்டையான மேல்துருவைச் சுரண்டியாலும் கம்பிப் பிரஷ்ஷாலும் எடுத்து, உப்புத்தாளால் தேய்க்கிறோம். உப்பு கொண்டுவந்த துருவை உப்புத்தாள் போக்குகிறது என்று வீட்டுப் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் போகத் துடைத்தபின் ரெட் ஆக்சைடு. அது முற்றிலும் காய்ந்தபின்னரே தார்ப்பூச்சு. அதுவும் கனமாக ஒரு முறை அன்று, மெல்லியதாக இரு முறை. பிரேக் குழாய்கள், வயர்கள், கிரீஸ் அடிக்கும் முனைகள், சைலன்சர் ஆகியவற்றைப் பழைய செய்தித்தாளால் சுற்றி மூடிவிடுகிறோம். சட்டங்களில் நீர் வடிவதற்கென்று விட்டிருக்கும் துளைகளை எக்காரணத்தாலும் அடைப்பதில்லை. துளை அடைபட்டால் சட்டமே தொட்டியாகிவிடும். பூச்சின் ஆவி தீப்பிடிக்கக் கூடியதாகையால் திறந்த வெளியில், முகக்கவசமும் கண்ணாடியும் அணிந்து, நெருப்பை அண்டவிடாமல் செய்கிறோம். தந்தையார் நாளில் கழிவு எஞ்சின் எண்ணெயை டீசலோடு கலந்து தெளிப்பார்கள். அது சொட்டி மண்ணைக் கெடுக்கும். ரப்பர்க் குழாய்களை ஊதச் செய்யும். கையில் படுவோர்க்கும் தீங்கு. அதை விட்டுவிட்டோம்.

இவ்வளவு செய்தும் துருவை வென்றுவிட்டோம் என்று சொல்லமாட்டோம். 1914இல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலத்தை எண்ணிப் பார்ப்போம். உப்புக் காற்றின் நடுவே அது நூறாண்டுக்கு மேல் நின்றது, ஓயாமல் சுரண்டிப் பூசிப் பழுது பார்த்த கைகள் இருந்ததால்தான். அதிலும் அரிப்பு முற்றி, 2022 டிசம்பரில் ரயில்கள் நிறுத்தப்பட்டன. 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்டது. காலக்கெடுவைத் தள்ளிப்போடலாம், அதற்கும் ஆண்டுதோறும் அடியில் நுழைந்து பார்த்தாக வேண்டும்.

ஆனால், எங்களை வருத்திய துரு லாரியில் மட்டும் இல்லை. விபத்து எதிர்பாராதது என்றே ஊரில் எல்லாரும் பேசினார்கள். நாங்களும் தலையாட்டிக்கொண்டிருந்தோம். பிரஷ்ஷில் செதில் வந்ததை இருவரும் பார்த்தோம் என்பது எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். அதை எங்களுக்குள்கூடப் பேசிக்கொண்டதில்லை. அண்ணாச்சியின் மருத்துவச் செலவை ஏற்றோம். வேலைக்கு வராத மாதங்களுக்கும் சம்பளம் கொடுத்தோம். தாராள மனத்தினர் என்று பெயர் கிடைத்தது. அந்தப் பெயரும் ஒரு கறுப்புப் பூச்சுதான் என்பதை உணர எங்களுக்கு ஓராண்டு பிடித்தது.

2021 புரட்டாசியில், முதன்முறையாக முறைப்படி அந்த வேலையைச் செய்தபோது, அண்ணாச்சியும் பூவரச மரத்தடியில் வந்து உட்கார்ந்தார். இளையவர் சுரண்டியைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னார். மூத்தவர் தலைகுனிந்து நின்றார். அண்ணாச்சி சிறிது நேரம் லாரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்கு அன்னைக்கே தெரியும், தம்பி. காயப்போட்ட பிரஷ்ல துரு ஒட்டியிருந்துச்சே.”

“அப்பமே ஏன் சொல்லல, அண்ணாச்சி?”

“சொன்னா வண்டி நிக்கும். வண்டி நின்னா உங்க வீட்லயும் உலை ஏறாது, என் வீட்லயும் ஏறாது.”

மன்னித்தேன் என்றும் அவர் சொல்லவில்லை. நாங்களும் அதைக் கேட்டு வாங்க முனையவில்லை. சற்றுக் கழித்து எழுந்து, இடக்கையில் சுத்தியலை வாங்கிக்கொண்டு லாரிக்கு அடியில் நுழைந்தார். புதிதாய் வெல்டு வைத்த இடத்தில் தட்டினார். கணீரென்றது. இன்னொரு முறை தட்டிப் பார்த்தார்.

இன்றும் அவர் வலக்கை முழுவதுமாக நீள்வதில்லை. ஆண்டுதோறும் பூச்சு டின்னைத் திறக்குமுன் சுத்தியலை முதலில் அவர் கையில்தான் கொடுக்கிறோம். அவர் தட்டிக் கேட்டு, “சரி, பூசுங்க தம்பி” என்று சொன்ன பிறகே எங்கள் பிரஷ் நனைகிறது.