எந்தப் பரப்பு?

பிப்ரவரி 9, கொடைக்கானல்

நெருக்கம் குறைப்பதற்காகச் சாய்க்கும் பட்டுலா பைன்களில் இலைப்பரப்பைக் கணிப்பதுதான் எங்கள் வேலை. மெக்சிகோவிலிருந்து வந்த மரம். ஏறக்குறைய ஒரு சாண் நீள ஊசிகள், தொங்கிக்கொண்டே இருக்கும். நிற்கும்போதே 1.37 மீட்டர் உயரத்தில், அதாவது மார்பளவில், சுற்றளவு எடுத்துவிடுவோம். சாய்ந்த பிறகு உச்சி, நடு, அடி என்று கிளைகளைப் பிரித்து, அடுக்குக்குச் சில கிளைகளை மட்டும் முழுசாக உருவி, சாக்கில் கட்டி நிறுப்போம். மற்றக் கிளைகளுக்கு அடிவிட்டம் மட்டும், அதைக் கொண்டு அவற்றின் இலை எடையைக் கணிப்போம். “மொத்தத்தையும் உருவிட்டா வேலை முடிஞ்சுதே தம்பி” என்றார் உருவுகிற பெரியவர். உருவலாம்தான், ஒரு மரத்துக்கே பொழுது சாய்ந்துவிடும். பிசின் வேறு, மண்ணெண்ணெய் போட்டால்தான் விரலை விடுகிறது.

பிப்ரவரி 12

எழுபது டிகிரி ஓவனில் எடை இறங்குவது நிற்கும்வரை காய வைத்து நிறுத்தாயிற்று. ஒரே பருமனுள்ள இரண்டு மரங்கள், ஒன்று நெருக்கத்தில் நின்றது, மற்றது பாதையோரம். இலை எடையில் இரண்டும் ஒத்துப்போகவே இல்லை. விட்டத்தை மட்டும் நம்பும் சமன்பாடு இங்கேதான் சறுக்கும். 1964-இல் ஜப்பானில் ஷினோசாகி குழுவினர் சொன்னது கைகொடுக்கிறது: இவ்வளவு இலைக்கு நீரேற்ற இவ்வளவு குழாய் வேண்டும். அப்படியானால் பார்க்கவேண்டியது, நீரேற்றும் வெளிமரமான வெளிறின் குறுக்குப் பரப்பை. நடுவில் இருக்கும் வைரத்தில் நீர் ஏறுவதில்லை. அதையும் முதல் பச்சைக் கிளைக்குச் சற்றுக் கீழே அளந்தால் இன்னும் நம்பகம்.

பிப்ரவரி 15

எடையைப் பரப்பாக மாற்றும் இடத்தில்தான் தகராறு. உச்சி ஊசி தடிப்பு, கிராமுக்குப் பரப்பு குறைவு. நிழலில் வளர்ந்த அடி ஊசி மெலிசு. அடுக்குகளைக் கலக்காமல் வைத்தது இதற்காகத்தான்.

தேக்கிலை என்றால் ஸ்கேனரில் பரப்பினால் முடிந்தது. பட்டுலாவில் பெரும்பாலும் ஓர் உறைக்குள் மூன்று ஊசிகள், உருண்டைக் குச்சியை நீளவாக்கில் மூன்றாகப் பிளந்தாற்போல. ஒவ்வொன்றுக்கும் இரண்டு தட்டை முகம், ஒரு வளைந்த முதுகு. தட்டை முகம் படியக் கிடந்தால் ஸ்கேனர் காண்பது அந்தக் குச்சியின் ஆரத்தைப்போல் ஒன்றரை மடங்கு அகலம். சுற்றுப்புறம் முழுவதையும் கூட்டிப் பாதியாக்கினால் இரண்டு மடங்குக்கும் சற்று மேல். ஊசி அதேதான், பரப்பு மட்டும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிட்டது! தட்டையில்லாத இலைக்கு இந்தப் பாதியையே எடுக்கவேண்டும் என்று சென்னும் பிளாக்கும் 1992-இல் வாதிட்டார்கள். எனக்கும் அதுவே சரி.

மரத்தடியிலிருந்து ஒளியை அளக்கும் கருவி இன்னொரு எண் சொல்கிறது, குறைவாக. கொத்துக்குள் ஊசிக்குப் பின்னால் ஊசி ஒளிந்துகொள்வது அதற்குத் தெரியாது. திருத்தம் நாம்தான் போடவேண்டும்.

மாலையில் நண்பன் ஒருவன் வேறொரு பைன் காட்டின் இலைப்பரப்புக் குறியீட்டை, அதாவது நிலப்பரப்பைப்போல் எத்தனை மடங்கு இலைப்பரப்பு என்பதை, அனுப்பி, “உன்னோடது ஏன்டா இவ்வளவு கூட?” என்று கேட்டான். எந்தப் பரப்பு என்று அதில் போடவில்லை. அது தெரியாமல் ஒப்பிட மாட்டேன் என்று பதில் எழுதிவிட்டு, என் அட்டவணைத் தலைப்பில் ‘மொத்தப் பரப்பில் பாதி’ என்று சேர்த்தேன். மீதி மரங்களின் அடி அடுக்குச் சாக்குகள் நாளை ஓவனுக்குப் போகின்றன.