தம்பியைத் தேடி

தம்பியின் மகன் கணினியில் ‘ராஜி’ விளையாடுகிறான். புனே நகரின் நொடிங் ஹெட்ஸ் நிறுவனம் உருவாக்கி, 2020இல் வெளியானது. ராஜி ஒரு வித்தைக்காரச் சிறுமி. அரக்கர் தூக்கிப்போன தன் தம்பி கோலுவைத் தேடுகிறாள். ராஜஸ்தான் பாணி மாளிகைகள் அத்தனை அழகு. இடையிடையே கதையை நிழற்பாவைகள் சொல்கின்றன.

எனக்கோ சண்டைதான் பிடித்தது. சுவரில் ஓடியேறிப் பாய்கிறாள். தூணைப் பற்றிச் சுழன்று, சூழ்ந்து நிற்பவர்களைச் சூலத்தால் அடித்து வீழ்த்துகிறாள். ஒவ்வோர் அடிக்கும் என் விரல்களும் மடங்கிக்கொள்கின்றன. இந்த வயதில் இதென்ன வெறி என்று வெட்கமாகவும் இருக்கிறது.

2018 மார்ச் 5. திகன நகரில் கடைகள் எரிந்த அன்று தம்பி அங்கேதான் வேலையில் இருந்தான். குண்டசாலையிலிருந்து சில மைல்தான். ஊரடங்குச் சட்டம் போட்டாயிற்று. தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. உம்மா முஸல்லாவை விட்டு எழும்பவில்லை. நான் வாசலுக்கும் கேற்றுக்குமாக நடந்தேன், கேற்றைத் தாண்டவில்லை. விடிந்த பிறகு செருப்பில்லாமல் வந்து சேர்ந்தான். இரவு எங்கே ஒளிந்திருந்தான் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

“மாமி, நீங்களும் ஒருக்கா விளையாடுங்க” என்று மருமகன் கன்ட்ரோலரை நீட்டுகிறான். கதிரையிலிருந்த தம்பி பத்திரிகையைத் தாழ்த்தி என்னைப் பார்க்கிறான்.