திருக்கோணமலையில் நடப்போர்க்கு ஏற்ற சப்பாத்து

சப்பாத்து என்னும் சொல்லை நமக்குத் தந்தவர்கள் போர்த்துக்கேயர். 1624ஆம் ஆண்டு கோணமலை அடிவாரத்திற் கோட்டை எழுப்பியவர்களும் அவர்களே. அக்கோட்டை வாயிலிலிருந்து புறப்படும் நடையர்க்கு எவ்வகைச் சப்பாத்து ஏற்றது என்பதை இங்கே ஆராய்வோம்.

இம்மாவட்டத்தின் நிலம் ஒரு தன்மைத்தன்று. கோணேசர் ஆலயத்தைத் தாங்குவது கடும்பாறை. நிலாவெளியிற் பரந்திருப்பது மணல். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளைச் சூழ்ந்திருப்பது ஈரத்தரை. தெற்கே, 335 கிலோமீற்றர் ஓடிவந்த மகாவலி கொட்டியாரக் குடாவிற் கலக்கிறது. 2009இல் திறக்கப்பட்ட 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம், வாகனத்திற் செல்வோரைத் தோணித்துறைக் காத்திருப்பினின்றும் விடுவித்தது. ஆனால், மாரிகாலத்தில் மூதூர்ப் பக்கத்து வயல்வரம்புகளில் நடப்பவர், வாய்க்காலில் இறங்காது அக்கரை சேர்தல் அரிது.

கடைக்குச் செல்வோர் பலர், “தண்ணீர் புகாத சப்பாத்து உண்டா?” என்றே கேட்கின்றனர். நுவரெலியாவின் பனியீரத்துக்கு அது நன்று. முழங்காலளவு நீரிலோ, தண்ணீர் மேல்வாயால் உள்ளே புகுந்துவிடும். புகுந்த நீரை அச்சப்பாத்து வெளியே விடாது. ஊறிய பாதம் மென்மையுற்றுக் கொப்புளம் கொள்ளும். ஆதலின், இவ்வூர்க்கு வேண்டியது நீரைத் தடுப்பதன்று, விரைவில் வடியவிடுவதே. வலைத்துணிப் பக்கங்களும், ஆழ்ந்த வெட்டுகளுள்ள இறப்பர் அடியும் உடையதைத் தெரிந்தெடுக்க.

நீரைக் கண்டதும் சப்பாத்தைக் கழற்றிக் கையில் ஏந்துவோர் உளர். அது தகாது. சிப்பியும் முள்ளும் பாதத்தைக் கிழிக்கும். எலியின் சிறுநீர் கலந்த நீரிலுள்ள கிருமி அக்காயத்தின் வழியே உடலுட் புகுந்து எலிக்காய்ச்சலை விளைவிக்கலாம். சப்பாத்து அந்நோயை முற்றாகத் தடுக்காது. புதிய காயத்தையே தடுக்கும். முன்னரே புண்ணுள்ளவர் அந்நீரில் இறங்காமை நலம். பின்னர்க் காய்ச்சல் காணின், நீரில் நடந்ததை வைத்தியரிடம் தவறாது கூறுக.

வாங்குவதற்கு மாலைவேளையே உகந்தது. நடந்த பாதம் அப்போது சற்றுப் பருத்திருக்கும். விரல்நுனிக்கு முன்னே ஒரு பெருவிரல் அகலம் இடைவெளி இருத்தல் வேண்டும். வளைத்துப் பார்க்கையில், விரல்கள் மடியும் இடத்தில் வளைவதே நல்லது. நடுவில் மடிவது நெடுநடைக்கு உதவாது. விலையை ஆண்டுக் கணக்கிற் பார்த்தல் அறிவுடைமை. 6,000 ரூபாய்ச் சப்பாத்து ஓராண்டும், 12,000 ரூபாய்ச் சப்பாத்து மூன்றாண்டும் உழைக்குமாயின், ஆண்டுச் செலவு முன்னதற்கு 6,000, பின்னதற்கு 4,000. மலிவானது எது என்பதை வாசகர்களே தீர்மானிக்கலாம்.

கடல்நீர் பட்ட சப்பாத்தை அன்றைக்கே நன்னீரில் அலசி, உள்ளே பழைய பத்திரிகைத் தாளைத் திணித்து, நிழலில் உலர்த்துக. கடுவெயில் பசையை இளக்கி அடியைப் பெயர்க்கும்.

இன்னுமொன்று: எளிதிற் கழற்றக்கூடியதாகவே வாங்குக. எத்துணை விலையுயர்ந்த சப்பாத்தாயினும், கோணேசர் சந்நிதியில் வெளியேதான் நிற்க வேண்டும்!